மூன்றாம் அவெர்லாவின் எடை

காஸ்தெல்பனாரோ,
2009 செப்டம்பர் 7

இஞ்சினியர் மலகோலி அவர்களுக்கு,

உங்கள் முகவரியை அவெர்லா கார் உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் தாஸ்ஸியிடம் கேட்டு வாங்கினேன். கேட்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன் என்பதற்காக இதை நட்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். சங்கம் வரும் வசந்த காலத்தில் ஒரு புத்தகம் போடுகிறது. பலுகானி பட்டறை அவெர்லாவை நான்கு முறை மாற்றிக் கட்டியதல்லவா, ஒவ்வொரு முறையும் என்ன சேர்ந்தது, எடை எவ்வளவு ஆயிற்று என்று ஒப்பிட்டு ஒரு பட்டியல் வருகிறது. எடையை நிரப்பித் தரும் வேலை எனக்கு வந்திருக்கிறது. நீங்கள் வேலை பார்த்த அந்தப் பட்டறையில் முழுக் காரை நிறுக்கத் தராசு கிடையாது. நான்கு வண்டிகளும் எங்கள் நகராட்சி எடை மேடையில்தான் ஏறின, சீட்டு எழுதியவள் நான். மேடையை மூடியபோது, சீட்டுகளின் நகல் இருக்கும் அடிக்கட்டைப் புத்தகங்களைக் குப்பைக்கு அனுப்பப் பார்த்தார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

முதல் அவெர்லா, 1963, ஆயிரத்து அறுநூறு சிசி, நான்கு கியர்: 1,004 கிலோ. இரண்டாவது, 1965, ஐந்து கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்: 1,021. நான்காவது, 1971: 1,058. இவற்றில் குழப்பம் இல்லை.

மூன்றாவதற்கு இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. 1968 அக்டோபர் 2 அன்று 1,105 கிலோ. அக்டோபர் 19 அன்று 992. ஒரே வண்டி, ஒரே சட்டக எண். இஞ்சின் இரண்டாயிரம் சிசியாகப் பெருத்திருக்கிறது, சக்கரம் அகலமாகியிருக்கிறது, பிரேக் பெரிதாகியிருக்கிறது. ஆனால் பதினேழு நாளில் நூற்றுப் பதின்மூன்று கிலோ குறைந்து, முதல் வண்டியைவிட லேசாகிவிட்டது.

அந்த வண்டியைச் சோதித்து ஓட்டும்போதுதான் 1969 மார்ச் 14 அன்று செர்ராமஸ்ஸோனி சாலையில் என் கணவர் அதெல்மோ இறந்தார். வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. முன்புறம் மடங்கி ஸ்டீயரிங் அவர் நெஞ்சுக்கு வந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த குறுக்குக் குழாயை எடுத்தது நீங்கள்தான் என்று விசாரணையில் ஒப்புக்கொண்டீர்கள். ஒரு குழாய் நூற்றுப் பதின்மூன்று கிலோ இராது. வேறு எதை எதை எடுத்தீர்கள் என்று கிலோ வாரியாக எழுதி அனுப்பவும்.

எர்சிலியா மொர்செல்லி


த்ரியெஸ்தே,
2009 செப்டம்பர் 18

சிஞ்ஞோரா எர்சிலியா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் மூன்று நாள் மேசைமேல் பிரிக்காமலே கிடந்தது. என் மகள், "அப்பா, அது என்ன வெடிகுண்டா?" என்று கேட்ட பிறகு பிரித்தேன். இங்கே காற்று தொடங்கிவிட்டது. எண்பத்திரண்டு வயதில் காற்றடிக்கும் நாட்களில் நான் வெளியே போவதில்லை, அதனால் பதில் எழுத நேரம் இல்லை என்று சொல்ல முடியாது.

தூரின் கண்காட்சிக்கு அச்சடித்த விளம்பரப் புத்தகத்தில் 992 என்றுதான் இருந்தது. இன்று ஓடும் மூன்றாம் அவெர்லாக்கள் இரண்டும் ஏறக்குறைய அந்த எடைதான். அதையே போட்டுவிடுங்கள். முதல் சீட்டு, வேலை பாதியில் இருந்தபோது எடுத்தது. வண்டிக்குள் கருவிப் பெட்டிகள் ஏதாவது இருந்திருக்கலாம். அவ்வளவு பழைய சீட்டைப் புத்தகத்தில் ஏற்றி யாருக்கு என்ன பயன்?

குழாயை எடுக்கச் சொன்னது நான். அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை. புத்தகத்தில் அப்படியே எழுதுங்கள்.

உங்கள் உடல்நிலை எப்படி என்று கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

குவால்தியேரோ மலகோலி


காஸ்தெல்பனாரோ,
2009 செப்டம்பர் 24

இஞ்சினியர் அவர்களுக்கு,

உடல்நிலையில் குறை ஒன்றும் இல்லை.

கருவிப் பெட்டிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்டோபர் 2 சீட்டில் என் கையால் "வெற்று வண்டி, பெட்ரோல் தொட்டி நிறைய" என்று எழுதியிருக்கிறது. அதாவது, பெட்டிகளோடு ஒரு வண்டி என் மேடையில் ஏறியது, நான் எட்டிக்கூடப் பார்க்காமல் வெற்று வண்டி என்று எழுதினேன் என்கிறீர்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். பன்றி வியாபாரிகள் வைக்கோலுக்கு அடியில் கல் வைத்துக் கொண்டுவருவார்கள், நான் இறங்கிப் போய் வைக்கோலைக் கிளறிப் பார்த்து எடுக்கச் சொல்வேன். கன்னியாஸ்திரீகளிடம் கணக்குப் படித்தவள். என் சீட்டில் பிழை இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. முதலில் சொல்பவர் நீங்களாக இருப்பது எனக்கு ஆச்சரியமில்லை.

அடக்கத்தன்று நீங்கள் தேவாலய வாசலில் வந்து நின்றபோது, எல்லார் முன்னாலும், "போங்க. இது உங்க பட்டறை இல்ல" என்றேன். நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டீர்கள். அன்று பேசியிருக்க வேண்டியதை இப்போதாவது எழுதுங்கள். எனக்கு வேண்டியது பட்டியல். வருத்தம் வேண்டாம்.

எர்சிலியா மொர்செல்லி


த்ரியெஸ்தே,
2009 அக்டோபர் 3

சிஞ்ஞோரா எர்சிலியா அவர்களுக்கு,

என் பழைய குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்குக் குழாய், 9 கிலோ. முன்சட்டகத்தின் குழாய்களை மெல்லிய குழாய்களாக மாற்றியது, 14. கதவுகளுக்குள் இருந்த இரும்புப் பட்டை, 8. பின் கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் பிளாஸ்டிக்காக மாறியது, 7. ஹீட்டர், 6.

ஒரு வண்டியை மேம்படுத்து என்றால் எல்லோருக்கும் சேர்க்க மட்டும்தான் தெரியும். இஞ்சின்காரன் நாலு கிலோ சேர்ப்பான், பிரேக்குக்காரன் மூன்று கிலோ சேர்ப்பான், கேட்டால் ஒருவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். புது வண்டி ஆயிரத்து நாற்பதைத் தாண்டாது என்று முதலாளி பலுகானி தூரினில் எல்லாரிடமும் வாக்குக் கொடுத்திருந்தார். கண்காட்சிக்கு நாலு வாரம் இருந்தது. குறைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

இதற்கு மேல் கேட்காதீர்கள். இது அதட்டல் அல்ல, வேண்டுகோள்.

குவால்தியேரோ மலகோலி


காஸ்தெல்பனாரோ,
2009 அக்டோபர் 8

இஞ்சினியர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதன் கூட்டுத்தொகை நாற்பத்து நான்கு. வண்டியில் குறைந்ததோ நூற்றுப் பதின்மூன்று. அறுபத்தொன்பது கிலோவைக் காணவில்லை.

கேட்காதீர்கள் என்று நீங்கள் எழுதியதால் கேட்கிறேன். சட்டகத்தில் வேறு எங்கே அறுத்தீர்கள்?

எர்சிலியா மொர்செல்லி


காஸ்தெல்பனாரோ,
2009 அக்டோபர் 12

இஞ்சினியர் அவர்களுக்கு,

போன கடிதத்துக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதியிருக்காவிட்டால் எழுத வேண்டாம். நானே கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் தராசுத் தண்டில் நகரும் சிறு குண்டு ஒரு கிலோ வித்தியாசத்தைக்கூடக் காட்டும். அது அன்று சரியாக இருந்ததா என்று பார்ப்பதற்காக, அந்தச் சீட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அடிக்கட்டைகளைப் புரட்டினேன். முன்னால் பதினொரு சீட்டு திராட்சை. பின்னால் பதினான்கு சீட்டு திராட்சை. அறுவடை வாரம். அன்று மழை.

திராட்சை வண்டியை இரண்டு தடவை நிறுப்போம். நிறைந்து வரும்போது ஒரு தடவை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவை. இரண்டு தடவையும் ஓட்டுபவர் இருக்கையிலேயே இருப்பார். கழிக்கும்போது அவர் எடை தானாகப் போய்விடும். காரை ஒரு தடவைதான் நிறுப்போம். ஓட்டுபவர் இறங்கியாக வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. அந்த விதியை ஜன்னலில் எழுதி ஒட்டியவளே நான்.

டிராக்டர்களுக்கு நடுவில் அந்தச் சிவப்பு வண்டி வரிசையில் நின்றது. பின்னால் இருந்த ஃபொர்னாசாரி, "அதெல்மோ, இதுல எத்தனை கூடை திராட்சை ஏத்தியிருக்க?" என்று கேட்டான். இன்னொருவன், "கொட்டிட்டு வெறும் வண்டியா திரும்பி வருவியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதெல்மோ காய்ச்சலில் இருந்து எழுந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டுக் கதவை லேசாகத் திறந்து என்னைப் பார்த்து, "இறங்கட்டுமா?" என்றார்.

நான், "இந்த மழைல எதுக்கு? நனைஞ்சா மறுபடியும் படுத்துக்குவ. உக்காரு" என்றேன்.

குண்டைத் தள்ளினேன். 1,105. வெற்று வண்டி என்று எழுதினேன். கழித்துக்கொள்ளலாம் என்று அன்று காலை முழுவதும் பதினொரு முறை நினைத்த பழக்கம் கையில் இருந்தது. கழிக்க இரண்டாவது எடை கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமைதோறும் உங்கள் பட்டறையில் சோதனை ஓட்டுநர்களை பூட்ஸோடு, தோல் சட்டையோடு நிறுப்பார்கள். அந்த மாதம் அதெல்மோ அறுபத்தொன்பது கிலோ.

இதை சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் காபி போட்டேன், குடித்தேன், கோப்பையைக் கழுவினேன். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு பூசணிக்காய் கொண்டுவந்து கொடுத்தாள், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள், நன்றாக இருக்கிறேன் என்றேன். பொய் சொன்னதாகவும் தோன்றவில்லை. எனக்கு எதுவுமே தோன்றவில்லை. கணக்கை நான்கு தடவை போட்டுப் பார்த்தேன், நான்கு தடவையும் அதே விடைதான்.

ஒன்றை மட்டும் சொல்லுங்கள். இது உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றால், எப்போதிலிருந்து?

எர்சிலியா மொர்செல்லி


த்ரியெஸ்தே,
2009 அக்டோபர் 21

சிஞ்ஞோரா எர்சிலியா அவர்களுக்கு,

1968 அக்டோபர் 19 முதல் தெரியும்.

அக்டோபர் 2 அன்று உங்கள் சீட்டு என் மேசைக்கு வந்தபோது, என் கணக்கு 1,036 என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆயிரத்து நாற்பதுக்குள். குறைக்க வேண்டியது எதுவும் இல்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று என் கணக்கு, இன்னொன்று உங்கள் கையெழுத்து. என் கணக்கைக் கிழித்துப் போட்டேன். மறுபடி நிறுக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் சீட்டை மறுபடி நிறுக்கச் சொன்னவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

பத்தொன்பதாம் தேதி நானே வண்டியைக் கொண்டுவந்து, இறங்கி, உங்கள் ஜன்னல் பக்கத்தில் நின்றேன். அதெல்மோ அன்று தூரினில் இருந்தார். எடுத்தது போக ஆயிரத்து அறுபத்தொன்று வரும், இன்னும் குறைக்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு என்றீர்கள். இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். "மறுபடி பாத்தா மாறிடுமா?" என்று கேட்டுவிட்டு, பார்த்தீர்கள். மாறவில்லை. திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கழித்துப் பார்த்தேன், அறுபத்தொன்பது.

அதெல்மோ வந்ததும் கேட்டேன், அன்று மேடையில் இறங்கினாயா என்று. முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மழை பெஞ்சுது. அவதான் உக்காருன்னா" என்றார். அதோடு, "இத அவகிட்ட சொல்லிடாதீங்க, இஞ்சினியர். ஒரு சீட்டு தப்புன்னு தெரிஞ்சா அவ அந்த ஜன்னல்ல மறுபடி உக்கார மாட்டா. வண்டி நல்லாத்தான் ஓடுது, முன்னைவிட நல்லா வளைவுல திரும்புது" என்றார். வாக்குக் கொடுங்கள் என்று கேட்டார், கொடுத்தேன்.

குழாய்களைத் திரும்பப் போட வேண்டும் என்று பலுகானியிடம் போனேன். "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்திரண்டுன்னு தூரினுக்கு போன் பண்ணியாச்சு. இனிமே அதுல ஒரு கிலோ ஏறினாலும் நீ எனக்கு இஞ்சினியர் இல்ல" என்றார். அன்றே நான் வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. அந்த வண்டி என் பெயரோடு கண்காட்சிக்குப் போவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. மே மாதம்தான் விட்டேன், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சீட்டு உங்களுடையது. அக்டோபரிலிருந்து மார்ச் வரையிலான ஐந்து மாதம் என்னுடையது. இரண்டில் எது பெரியது என்று நாற்பது ஆண்டாக எனக்குத் தெரியும். விசாரணையில் சீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்கள் என்னை வெறுத்தது நியாயம்தான், அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் 992 என்று போட்டு, என் பெயரை எழுதி, முடித்துவிடுங்கள்.

குவால்தியேரோ மலகோலி


காஸ்தெல்பனாரோ,
2009 நவம்பர் 3

இஞ்சினியர் அவர்களுக்கு,

நேற்று இறந்தோர் நாள். கல்லறைக்குப் போனேன், விளக்கு வைத்தேன். அதெல்மோவிடம் கேட்க ஒரு கேள்வி கொண்டுபோயிருந்தேன். அங்கே ஆட்கள் நிறைய இருந்தார்கள், திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் கடிதம் கருணையோடு எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கருணையைப் பற்றித்தான் எழுத வேண்டும். நீங்களும் என் கணவருமாகச் சேர்ந்து, நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன் என்று ஒரு பட்டறை மூலையில் நின்று முடிவு செய்திருக்கிறீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முதலில் வெட்கப்பட்டிருப்பேன். இரண்டு நாள் யாரோடும் பேசியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் காலையில் அந்தச் சீட்டை ரத்து செய்து, பலுகானியின் மேசைமேல் கொண்டுபோய் வைத்திருப்பேன். அவர் அசையாவிட்டால், குழாய்கள் திரும்பப் போடப்படும்வரை அதெல்மோவை அந்த வண்டியில் ஏற விட்டிருக்க மாட்டேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கும் இருந்திருக்காது. அதனால்தான் சொல்லாதீர்கள் என்றார். அவருக்கு அந்த வண்டியை ஓட்ட வேண்டும்.

நான் தப்பாக எழுதினேன். அதைத் திருத்தக்கூடிய ஒரே ஆள் நான்தான், அந்த என்னிடமிருந்து நீங்கள் இருவரும் அதை மறைத்தீர்கள். உங்களை வெறுத்தது நியாயம் என்கிறீர்கள். தவறான காரணத்துக்காக வெறுத்திருக்கிறேன். சரியான காரணத்துக்காகப் புதிதாகத் தொடங்க எனக்கு இப்போது தெம்பு இல்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

992 என்று போட்டு முடிக்க மாட்டேன். முடிக்கக் கூடாது என்று தாஸ்ஸியிடமும் சொல்லிவிட்டேன்.

அடிக்கட்டைப் புத்தகத்திலிருந்து அக்டோபர் 2 சீட்டு உள்ள தாளைப் பிரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தச் சீட்டின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, "ஓட்டுநர் உள்ளே இருந்தார். சரியான எடை 1,036" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். எடை மேடை விதிப்படி ஒரு சீட்டை ரத்து செய்ய எழுத்தர் கையெழுத்து மட்டும் போதாது. வண்டியைக் கொண்டுவந்தவரும் கையெழுத்திட வேண்டும். அவர் இல்லாவிட்டால், வண்டிக்குப் பொறுப்பான பட்டறை ஆள் இடலாம். பலுகானியும் போய்விட்டார், பட்டறையும் இல்லை. மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

என் கோட்டுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பவும்.

எர்சிலியா மொர்செல்லி


த்ரியெஸ்தே,
2009 நவம்பர் 16

சிஞ்ஞோரா எர்சிலியா அவர்களுக்கு,

ஒன்பது நாள் அந்தத் தாளை வைத்திருந்தேன். மகளிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவைத் தேடி எடுத்துவந்து கொடுத்தாள்.

கையெழுத்திட்டிருக்கிறேன். கோணலாக விழுந்திருக்கிறது, மன்னிக்கவும். நாலு தடவை வெறுந்தாளில் எழுதிப் பழகியும் இப்படித்தான் வந்தது.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பிழையை அச்சில் ஏற்றுவதானால் என் ஐந்து மாதத்தையும் ஏற்றுங்கள். ஒன்றை விட்டுவிட்டு ஒன்றை எழுதினால் பட்டியல் சரியாக இராது.

குவால்தியேரோ மலகோலி


காஸ்தெல்பனாரோ,
2009 நவம்பர் 23

இஞ்சினியர் அவர்களுக்கு,

பதிவுத் தபால் கிடைத்தது. அச்சுக்குக் கொடுத்திருப்பதைக் கீழே எழுதுகிறேன். ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்று தாஸ்ஸியிடம் சொல்லியிருக்கிறேன். "இப்படியெல்லாம் கார் புத்தகத்துல யாரும் போட மாட்டாங்களே, சிஞ்ஞோரா" என்றார். போடுவார்.

"மூன்றாம் அவெர்லா, 1968. இரண்டாயிரம் சிசி, அகலச் சக்கரம், பெரிய பிரேக். கட்டி முடித்தபோது எடை 1,036 கிலோ. எடை மேடை எழுத்தர் எர்சிலியா மொர்செல்லி, ஓட்டுநரை இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரோடு சேர்த்து நிறுத்து 1,105 என்று சீட்டு எழுதினார். அதை நம்பிச் சட்டகத்திலும் மற்ற இடங்களிலும் 44 கிலோ குறைக்கப்பட்டது. குறைத்த பின் 992. பிழை அக்டோபர் 19 அன்று தெரிந்த பிறகும் இஞ்சினியர் குவால்தியேரோ மலகோலியும் உரிமையாளர் பலுகானியும் குறைத்ததைத் திரும்பச் சேர்க்கவில்லை. இந்த வண்டியில் 1969 மார்ச் 14 அன்று அதெல்மோ மொர்செல்லி உயிரிழந்தார். நான்காம் அவெர்லாவில் குழாய்கள் மீண்டும் சேர்க்கப்பட்டன, 1,058."

அதெல்மோவுக்கும் தெரியும் என்பதை எழுதவில்லை. பட்டியல் அந்த அளவுக்குச் சரியில்லாதது. அதற்கு நான் பொறுப்பு.

தாளைப் புத்தகத்தில் அதன் இடத்தில் திரும்ப ஒட்டிவிட்டேன். உங்கள் கையெழுத்து நான் விட்ட இடத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, அடுத்த சீட்டின் எண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஜன்னலில் இருந்த காலத்தில் அப்படி ஒரு கையெழுத்து வந்தால் திருப்பிக் கொடுத்து வேறு போடச் சொல்வேன்.

இதை ஏற்றுக்கொண்டேன்.

எர்சிலியா மொர்செல்லி